ஒரு வீடும் இரண்டு குடும்பங்களும்



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உங்கள் நினைவிற்கு வருதல் இயல்பு. வகுப்பறையில் நின்ற காலத்தில் நானும் அவர்களைப் பற்றியே மிகுதியாகப் பேசினேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஓர் ஊரில் வீடு குறைவாகவும் வீடு வேண்டுவோர் மிகுதியாகவும் இருந்தால் என்ன நிகழும் என்பதே அது. சான்று தேடி நாம் தொலைவிற்குச் செல்ல வேண்டியதில்லை. வடசென்னையில் இராயபுரம் தொடங்கித் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலோரமாக நீண்டு கிடக்கும் பகுதியின் கதையே போதும். அக்கதையில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1986ஆம் ஆண்டு. இராயபுரத்துப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியனாகச் சேர்ந்திருந்த காலம். மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்து வருவதற்கு வீடு தேடிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் தேடியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தரகர் ஒருவர் என்னை ஒரு சந்திற்கு அழைத்துச் சென்றார். ஐந்து குடித்தனங்கள் இருந்த பழைய வீட்டில் பின்கட்டில் ஓர் அறையும் சமையற்கட்டும் காலியாக இருந்தன. வீட்டுக்கார அம்மையார் கணவனை இழந்தவர். குடக்கூலியே அவருடைய வருவாய். மாதம் முந்நூறு ரூபாய், பத்து மாத வாடகை முன்பணம் என்றார். நான் தலையசைத்த அதே நேரத்தில் வாசலில் மற்றொருவர் வந்து நின்றார். துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். குடியிருந்த வீட்டை ஒரு மாதத்திற்குள் காலி செய்ய வேண்டிய நிலைமை. அவரும் முந்நூறு தருவதாகச் சொன்னார். அம்மையார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் முந்நூற்றைம்பது என்று சொல்லிவிட்டேன்.

அவர் சற்றுநேரம் பேசாமல் நின்றார். “சரி சார், நீங்களே வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் என் வகுப்பில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் மாற்றுச் சான்றிதழ் வேண்டி வந்தான். கணக்கில் நல்ல பையன். தந்தையார் வெளியே நிற்பதாகச் சொன்னான். சென்று பார்த்தேன், அவர்தாம். எண்ணூர்ப் பக்கம் வீடு கிடைத்துவிட்டது, இனி இரயிலில் வேலைக்கு வந்துபோவேன் என்றார். அவர் முகத்தில் சினம் சிறிதும் இல்லை. சான்றிதழில் காரணம் எழுதும் இடத்தில் ‘பெற்றோர் குடிபெயர்வு’ என்று என் கையாலேயே எழுதினேன். அந்தக் குடிபெயர்வை உண்டாக்கியவர்களுள் நானும் ஒருவன் என்று எழுதுவதற்கு அப்படிவத்தில் இடம் இல்லை.

அன்றுமுதல் ஒரு கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. குற்றம் யாருடையது? ஐம்பது ரூபாய் கூட்டிச் சொன்ன என்னுடையதா? கூடுதலாகக் கேட்டதை ஏற்றுக்கொண்ட கைம்பெண்ணுடையதா? தரகருடையதா? எங்களுள் ஒருவரும் கொடியவர் அல்லர். ஆயினும் ஒரு சிறுவன் பள்ளியை விட்டுப் போக நேர்ந்தது. இதற்கு விடை தேடியே நான் இப்பகுதியின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் விலை என்பது எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பார்ப்போம். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலம் நடப்பதை உங்களுள் சிலர் கண்டிருப்பீர்கள். படகுகள் நிறைய வந்த நாளில் ஏலம் விரைவில் முடிகிறது, விலையும் தாழ்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்பொழுது வஞ்சிரம் சிறிதே வருகிறது. உண்பவர் தொகையோ குறைவதில்லை. ஆதலால் ஒருவரை ஒருவர் மிஞ்சி விலை கேட்கின்றனர். விற்பவர் ஒரே இரவில் பேராசைக்காரர் ஆகிவிடவில்லை. கூடை குறைந்தது, கை மிகுந்தது. அவ்வளவே.

வீட்டிற்கும் இதே கணக்குத்தான். ஆனால் இரண்டு வேறுபாடுகள் உண்டு. வஞ்சிரம் விலை ஏறினால் மத்தி வாங்கலாம். ஒரு நாள் மீன் இல்லாமலும் உண்ணலாம். வீடில்லாமல் ஓர் இரவு இருப்பது அரிது. மேலும், தடைக்காலம் முடிந்த மறுநாளே படகுகள் கடலுக்குச் செல்கின்றன. வீடு கட்டுவதற்கோ ஆண்டுகள் ஆகின்றன. மனையையோ கட்டவும் முடியாது. இயற்கை தந்த அளவே உண்டு.

வடசென்னைக்கு இயற்கை தந்த அளவு என்ன? கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். வடக்கே கொசத்தலை ஆறும் எண்ணூர்க் கழிமுகமும் உப்பளங்களும். இந்தக் குறுகிய நிலத்தில்தான் 19ஆம் நூற்றாண்டின் வேலைகளெல்லாம் வந்து குவிந்தன. 1856 ஜூலை 1ஆம் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது. 1875இல் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினர். 1881 நவம்பர்ப் புயல் புதிய சுவர்களைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். பெரம்பூரில் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் எழுந்தன. 20ஆம் நூற்றாண்டில் திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலை வந்தது. இன்றைய விம்கோ நகர் அதன் பெயரையே தாங்கி நிற்கிறது. பின்னர் எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் என்ஃபீல்டும், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் தோன்றின. ஒவ்வொரு தொழிற்சாலையும் ஆயிரக்கணக்கான கைகளை அழைத்தது. அழைத்த அதே வேளையில், அக்கைகளுக்குரியவர் குடியிருக்கக்கூடிய நிலத்தில் ஒரு பகுதியையும் தனக்கென எடுத்துக்கொண்டது.

துறைமுகம் செய்தது இதனினும் விந்தையானது. இக்கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளிச் செல்கின்றன. துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டபொழுது அம்மணல் தெற்கே தங்கிவிட்டது. மெரினாக் கடற்கரை அகன்றது அதனால்தான். வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் தமக்கு வரவேண்டிய மணலை இழந்தன. கடல் உள்ளே வந்தது. மீனவர் குடியிருப்புகளில் தெருத் தெருவாக வீடுகள் அலைக்கு இரையாயின. இன்று எண்ணூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நீங்கள் காணும் கருங்கல் அணை, அரிப்பைத் தடுக்கப் போட்டதே. வேலை தந்த துறைமுகமே வீட்டு நிலத்தையும் கடலுக்குக் கொடுத்தது.

வருவோர் பெருகி நிலம் சுருங்கியதன் விளைவை முதன்முதல் சட்டம் பேசியது முதல் உலகப்போருக்குப் பின்னர். அதற்குமுன் சென்னையில் ஒரு வழக்கம் பரவியிருந்தது. நிலத்தின் உடைமையாளர் வெறும் மனையைத் தரை வாடகைக்கு விடுவார். குடியிருப்பவர் தம் செலவில் அதன்மேல் வீடு கட்டிக்கொள்வார். அடிமனை ஒருவருடையது, மேற்கட்டடம் மற்றவருடையது. வாடகையைத் தவறாமல் செலுத்தும் வரை தம்மை வெளியேற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கையே அவ்வீட்டிற்கு அடித்தளம். மனைகளின் மதிப்பு ஏறியபொழுது அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. உடைமையாளர் பலர் மனையைத் திரும்பக் கேட்டனர். அந்நிலையில் பிறந்ததே சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். 1921ஆம் ஆண்டுச் சட்டம் என்று பெயர் பெற்று 1922இல் அது நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பவரை வெளியேற்றினால் அவர் எழுப்பிய கட்டடத்திற்கு ஈடு தர வேண்டும். அல்லது, நீதிமன்றம் குறிக்கும் விலையைக் கொடுத்து அம்மனையைத் தாமே வாங்கிக்கொள்ள அவர் விண்ணப்பிக்கலாம். பின்னாளில் 1996ஆம் ஆண்டுத் திருத்தம் ஒன்று சமய நிறுவனங்களின் நிலங்களை இச்சட்டத்திலிருந்து விலக்கியது. கோவில் மனைகளில் தலைமுறையாகக் குடியிருப்போர் மிகுந்த இப்பகுதியில் அதன் பொருள் பெரிது.

அச்சட்டம் நீதியானது என்பதே என் கருத்து. ஆனால் அது யாரைக் காத்தது என்பதைக் கூர்ந்து பாருங்கள். ஏற்கெனவே குடியிருந்தவரைக் காத்தது. மறுநாள் மூட்டையோடு இராயபுரம் நிலையத்தில் வந்து இறங்கியவனுக்கு அது ஒரு புதிய மனையையும் உண்டாக்கவில்லை.

அடுத்த பாடத்தை இரண்டாம் உலகப்போர் புகட்டியது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் படையெடுப்பர் என்ற அச்சம் சென்னையைப் பற்றிக்கொண்டது. விசாகப்பட்டினத்தில் குண்டுகள் விழுந்தன. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. இலட்சக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினர். நேற்றுவரை வீட்டிற்காக வாசலில் காத்து நின்றோர் மறைந்தனர். காலி வீடுகள் காவலுக்கு ஆள் தேடின. சுவர் ஒன்றும் மாறவில்லை, கூரை ஒன்றும் கூடவில்லை. கேட்பவர் தொகை மட்டுமே குறைந்தது. அச்சம் நீங்கியதும் மக்கள் திரும்பினர், புதியவர்களும் வந்தனர். 1941இல் 7.77 இலட்சமாக இருந்த சென்னையின் மக்கள்தொகை 1951இல் 14.16 இலட்சம் ஆயிற்று. 1946இல் நகர எல்லை விரிந்தது அதற்கு ஒரு காரணம். மக்கள் வந்து குவிந்தது மற்றொரு காரணம். போர்க்காலத்திலோ சிமெண்டும் இரும்பும் படைக்குச் சென்றன. வீடு கட்டுவோர் அரியர் ஆயினர்.

குடக்கூலி ஏறுவதைத் தடுக்க 1941இல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் அது சட்டமாகி வளர்ந்தது. நியாய வாடகையை அதிகாரி குறிப்பார். தக்க காரணமின்றி எவரையும் வெளியேற்ற இயலாது. இச்சட்டம் முதியோர் பலருக்கு நிழலாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அதன் மற்றொரு பக்கத்தையும் காண வேண்டும். வாடகை ஏறாத வீட்டைப் பழுதுபார்க்க உடைமையாளர்க்கு மனம் வரவில்லை. ஒருமுறை குடிவைத்தால் மீட்க இயலாது என்று அஞ்சிப் பூட்டி வைத்தோரும் உண்டு. 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்றது. அச்சட்டம் நடப்பில் இருந்த 1986இல்தான் நான் பத்து மாத வாடகையை எண்ணிக் கொடுத்தேன். என்னைப் போன்று சென்னை முழுவதும் கொடுத்தனர். வீடு ஒன்று, கேட்பவர் இருவர் என்ற நிலை இருக்கும்வரை, சட்டம் மூடிய கதவின் பக்கத்துச் சன்னல் வழியாக விலை உள்ளே வந்துவிடுகிறது. 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் பழையதை நீக்கி, பொதுவாக மூன்று மாத வாடகையை முன்பணத்தின் எல்லையாக வைத்தது. இன்றும் வீடு தேடுவோர் பத்து மாதத்தைப் பற்றியே பேசக் கேட்கிறேன்.

அப்படியானால் வழி என்ன? எண்ணிக்கையை மாற்றுவதே வழி. அதாவது, வீடுகளைப் பெருக்குவது. இதில் நம் நகரும் சிங்கப்பூரும் ஒரே காலத்தில் ஒரே வகையான பாதையில் புறப்பட்டன. சிங்கப்பூரும் துறைமுக நகரம். நம்மவர் பலர் அங்கும் மூட்டை சுமந்தனர், தண்டவாளம் இட்டனர். அங்கு 1927இல் தோன்றிய நகர மேம்பாட்டு நிறுவனம் 32 ஆண்டுகளில் ஏறத்தாழ 23,000 வீடுகளே கட்டியது. 1960இல் அதன் இடத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வந்தது. முதல் ஐந்து ஆண்டுகளில் அது ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தது. சென்னையிலும் நகர மேம்பாட்டு நிறுவனம் ஒன்று இருந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதன் இடத்தில் வீட்டு வசதி வாரியம் வந்தது. 1970இல் குடிசை மாற்று வாரியம் எழுந்தது. அவை செய்த பணி சிறிதன்று. ஆனால் வருவோர் வேகத்தை அவற்றின் வேகம் எட்டவில்லை. சிங்கப்பூர் அரசு நிலத்தின் பெரும்பகுதியைத் தன் கையில் கொண்டது; நாடும் சிறியது. அதனை அப்படியே நாம் பின்பற்ற இயலாது. அங்கும் பிற்காலத்தில் மறுவிற்பனை வீடுகளின் விலை ஏறியதுண்டு. எனினும், கட்டினால் நெருக்கடி தணியும் என்பதற்கு அது ஒரு சான்று.

நம் பகுதியிலேயே மற்றொரு சான்று உண்டு. 1977இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சிறு சிறு மனைகளைப் பிரித்துக் குடிநீர், கழிவுநீர், சாலை வசதிகளோடு எளியோர்க்கு விற்றனர். வீட்டை அவரவர் வசதிக்கேற்பப் படிப்படியாகக் கட்டிக்கொண்டனர். முதலில் ஓர் அறை, பிறகு மாடி, பிறகு ஒரு குடித்தனத்திற்கு வாடகைக்கு விடும் பகுதி. அரசு சுவர் எழுப்பவில்லை, நிலத்தைத் திறந்துவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மற்றவரோடு போட்டியிடாமல் வீடு பெற்றன.

கட்டினால் மட்டும் போதாது, காக்கவும் வேண்டும். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு முன்னரே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. ஆனால் ஒரே காலையில் இருபத்து நான்கு வீடுகள் கணக்கிலிருந்து கழிந்தன.

இன்று போட்டி குடக்கூலியிலிருந்து கிரயத்திற்கு மாறியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. அதன்பின் எங்கள் தெருவில் விற்பனைக்கு வரும் வீட்டைப் பார்க்க ஒரே நாளில் நான்கைந்து குடும்பங்கள் வருவதைக் காண்கிறேன். வங்கிக் கடன் எளிதாகக் கிடைத்தால் தமக்கு நன்மை என்று ஒவ்வொருவரும் எண்ணுகின்றனர். எனக்கு மட்டும் கூடுதல் கடன் கிடைத்தால் அது நன்மைதான். போட்டியிடும் ஐவர்க்கும் கிடைத்தால்? வீடு அப்பொழுதும் ஒன்றே. கூடிய பணம் முழுவதும் விலையில் போய்ச் சேரும். கடன் மட்டும் நம்மிடம் இருபது ஆண்டுகள் தங்கும். 2019இல் கட்டட விதிகள் திருத்தப்பட்டு, பொதுவாக மனைப்பரப்பின் ஒன்றரை மடங்காக இருந்த தளப்பரப்பு எல்லை இரண்டு மடங்காயிற்று. ஒரே மனையில் கூடுதல் குடும்பங்கள் வாழ இது வழி. குழாயும் சாக்கடையும் அதே அளவில் பெருகினால்தான் அவ்வழி பயன் தரும்.

போட்டியில் தோற்பவர் எங்கே போகிறார்? அதையும் சொல்லியாக வேண்டும். விலை குறைந்த இடம் நோக்கிப் போகிறார். விலை குறைந்த இடம் பெரும்பாலும் இடர் மிகுந்த இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்துக் குடியிருப்புகளின் சுவர்களில் கறுப்பாகப் படிந்தது. செய்தியைக் கேட்டபொழுது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன அந்தத் துறைமுகத் தொழிலாளியை நினைத்துக்கொண்டேன். அவர் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறதோ, இல்லையோ!

மாணவர்களே, என் கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான். குற்றம் அந்தச் சந்தில் நின்ற மூவரிடம் இல்லை. நாங்கள் அங்கே வந்து சேர்வதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, வேலைக்கு ஆட்களை அழைத்தவர்கள் அவர்கள் உறங்கும் இடத்தைப் பற்றி எண்ணாமல் விட்டதில் இருக்கிறது. தனி மனிதரின் நற்குணம் அதை ஈடு செய்யாது. நான் அன்று விட்டுக்கொடுத்திருந்தால் அவர் மகன் பள்ளியில் தங்கியிருப்பான். என் குழந்தை எண்ணூருக்குப் போயிருக்கும். பெயர் மாறியிருக்குமேயன்றித் தொகை மாறியிராது. சட்டம் குடியிருப்பவரைக் காக்கட்டும், அது வேண்டும். ஆனால் வாசலில் நிற்பவருக்கு வேண்டியது மற்றொரு வீடு.

வரலாற்று ஆசிரியன் ஆதலால் உங்களுக்கு ஒரு வேலை கொடுத்து முடிக்கிறேன். உங்கள் தெருவில் உள்ள முதியோரிடம் கேட்டு, ஐம்பது ஆண்டுகளுக்குமுன் அங்கே எத்தனை வீடுகள், எத்தனை குடும்பங்கள் இருந்தன, இன்று எத்தனை என்று ஒரு தாளில் இரண்டு வரிசையாக எழுதுங்கள். யார் எப்பொழுது, எதனால் குடிபெயர்ந்தனர் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். நான் அன்று சான்றிதழில் எழுதாமல் விட்ட காரணம் உங்கள் தாளிலாவது இடம் பெறட்டும்.